சிஃப்னோஸில் ஏழு இரவு

கிரீஸ் பயணத்துக்கு நான் போட்ட முதல் திட்டம் ஒரு எக்செல் தாள். ஏதென்ஸ் ஒரு நாள், மிக்கோனோஸ் இரண்டு, நக்ஸோஸ் இரண்டு, சாண்டோரினி மூன்று. கப்பல் நேரத்துக்கு நீல நிறம், பார்க்கவேண்டிய இடங்களுக்கு மஞ்சள். பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "இதுல உட்கார்றது என்னைக்குடி?" என்று கேட்டாள்.

அம்மாவுக்கு 67 வயது. வலது முழங்காலில் தேய்மானம். முட்டை சேர்க்காத சைவம். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் நின்றுகொண்டே பாடம் எடுத்தவள். அவளை ஓய்வாக ஒரு கடற்கரையில் உட்கார வைக்கவேண்டும் என்றுதான் இந்தப் பயணத்தையே யோசித்தேன். கையில் எக்செல் வந்ததும் அது மறந்துபோயிருக்கிறது. அன்றிரவே மஞ்சள் கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். மிஞ்சியது: ஒரே தீவு, ஏழு இரவு. எந்தத் தீவு என்பதற்கு மட்டும் ஒரு மாதம் ஆயிற்று.

சாண்டோரினியை அம்மாவே அடித்துவிட்டாள். 2025 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் அந்தக் கடல் பகுதியில் தொடர் நிலநடுக்கம். ஆயிரக்கணக்கானவர்கள் தீவை விட்டுக் கிளம்பியதை டிவியில் பார்த்திருந்தாள். செப்டம்பருக்குள் எல்லாம் அடங்கிவிடும் என்று வாதாடியிருப்பேன். ஆனால் அங்கே நல்ல அறைகளெல்லாம் மலைச்சரிவில் படிக்குக் கீழே படி என்று இருக்கின்றன. பழைய துறைமுகத்திலிருந்து மேலே ஏற ரோப் கார் உண்டு என்பது வேறு விஷயம். அறையிலிருந்து காபி குடிக்கப் போவதற்கு ரோப் கார் கிடையாதே.

ஹைட்ரா பிடித்திருந்தது. கார், பைக் எதுவும் கிடையாது, கழுதைதான் வாகனம். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கேயும் படிகள். ஃபொலேகாண்ட்ரோஸ் படங்களைப் பார்த்து நான் மயங்கினேன். ஊர் இருப்பது கடலுக்கு மேலே 200 மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பில். கூஃபோனிசியா சமதளம், சின்னது, முழங்காலுக்குத் தோது. ஆனால் காற்று பலமாக இருந்தால் இவ்வளவு சின்னத் தீவில் எத்தனை நாள் மாட்டிக்கொள்வோமோ என்று பயம். கடைசியில் சிஃப்னோஸ். சைக்லடீஸ் தீவுக்கூட்டத்தின் மேற்கு வரிசையில் 74 சதுர கிலோமீட்டர் தீவு. விமான நிலையம் இல்லை. வேண்டுமென்று கப்பல் ஏறி வருகிறவர்கள்தான் வருவார்கள் என்பதால் அதை ஒரு நல்ல குணமாகவே எடுத்துக்கொண்டேன்.

சிஃப்னோஸ் ஜெயித்ததற்குக் காரணம் கடற்கரைகூட இல்லை, கொண்டைக்கடலை. அந்தத் தீவின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ரெவிதாடா. கொண்டைக்கடலை, வெங்காயம், ஆலிவ் எண்ணெய், பிரிஞ்சி இலை இவற்றை மூடி போட்ட மண்சட்டியில் வைத்து, சனிக்கிழமை இரவு விறகு அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். இரவு முழுக்க அது வேகும். மறுநாள் தேவாலயத்திலிருந்து திரும்பும்போது சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இதைப் படித்துக் காட்டியதும் அம்மா முதல் தடவையாக, "அந்த ஊருக்குப் போகலாம்" என்றாள்.

மாதம் செப்டம்பர் நடு. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று அடித்துக்கொண்டே இருக்கும். கூட்டமும் விலையும் அப்போதுதான் உச்சம். செப்டம்பரில் காற்று தணிய ஆரம்பிக்கும், ஆனால் முழுதாக நின்றுவிடாது. கோடை முழுக்க வெயிலில் சூடேறிய கடல், தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். மே மாதம் மலர்கள் அழகு என்கிறார்கள், ஆனால் தண்ணீரில் கால் வைத்தால் சில்லென்று இழுக்குமாம். காலை நனைப்பதுதான் அம்மாவின் முழு நீச்சல் என்பதால் செப்டம்பர்.

விசா வேலை பெரிய கதை இல்லை, காகிதக் கட்டுதான். ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, அதற்கு மேல் விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. வங்கிக் கணக்கு, அம்மாவின் ஓய்வூதிய ஆணை, அறை முன்பதிவு, விமான டிக்கெட். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நான் ஜூன் கடைசியில் போனேன். கவுன்டரில் இருந்த பெண் எங்கள் பயணத் திட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏழு நாளும் இந்த ஒரே இடமா, மேடம்?" ஆமாம் என்றேன். "சும்மாவா?" சும்மாதான்.

தலைவலி வேறு இடத்திலிருந்து வந்தது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. நம் ஊரில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான்; இனிஷியலோடு வளர்ந்தவர்களுக்கு ஏது குடும்பப்பெயர்? விமானக் கம்பெனி ஒரு மாதிரி சமாளித்து, பெயரையே இரண்டு முறை அச்சடித்திருந்தது. காப்பீட்டில் ஒரே முறை. கப்பல் டிக்கெட் பக்கம் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகரவே மாட்டேன் என்றது. ஒரு இரவு தாத்தாவின் பெயரைப் போட்டேன், அடுத்த இரவு அப்பாவின் பெயரை. இரண்டையும் அழித்துவிட்டு டிக்கெட் முகவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போடுங்கள், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். அவ்வளவுதான். விசா மனுவோடு வைத்த கடிதத்திலும் இதைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்படி வெற்றுக் கட்டத்தோடு பயணம் போகிறவர்கள், டிக்கெட்டையெல்லாம் போட்டு முடித்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதிவிடுவது நல்லது.

கப்பலில் இரண்டு வகை. வேகக் கப்பல் சிஃப்னோஸுக்கு இரண்டரை, மூன்று மணி நேரத்தில் போய்விடும். உள்ளேயே அடைத்து உட்கார வைப்பார்கள், அலை வந்தால் குடலைப் புரட்டும். பெரிய பழைய வகைக் கப்பலுக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆனால் அதில் திறந்த மேல்தளம் இருக்கிறது, டிக்கெட்டும் மலிவு. போகும்போது பெரியது, வரும்போது வேகமானது என்று போட்டேன். அந்த இரண்டாவது முடிவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விமானம் ஏதென்ஸில் இறங்கும் நாளிலேயே கப்பல் பிடிக்கக்கூடாது என்று மட்டும் உறுதியாக இருந்தேன். 2022 முதல் விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு நேரடி மெட்ரோ, ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரவு அங்கேயே தங்கி, காலையில் கப்பல். துறைமுகம் மகா பெரியது. வாசல்களுக்கு ஈ-1 முதல் ஈ-12 வரை எண். ஒரு வாசலுக்கும் அடுத்ததற்கும் நடுவே நடக்கக்கூடிய தூரம் என்று வரைபடம் சொல்லும். பெட்டியோடும் அம்மாவோடும் நடந்து பாருங்கள், தெரியும்.

கப்பலில் பெட்டியை நாமே கீழே வண்டிகள் நிற்கும் தளத்தில், தீவின் பெயர் எழுதிய அடுக்கில் வைக்கவேண்டும். வழியில் கித்னோஸ், செரிஃபோஸ். ஒவ்வொரு துறைமுகத்திலும் சில நிமிடங்கள்தான் நிற்கும். அதனால் நம் தீவு வருவதற்குக் கால் மணி முன்பே எல்லோரும் அந்தத் தளத்தில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே டீசல் வாசனையில் நிற்கிறார்கள். சங்கிலி கடகடவென்று ஓட, பின்பக்க இரும்புக் கதவு மெதுவாகச் சாய்ந்து இறங்குகிறது. முதலில் ஒரு கீற்று வெளிச்சம், அப்புறம் மலை, அப்புறம் வெள்ளை வீடுகள். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "திருச்செந்தூர்ல நடை திறக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

அறையை காமரெஸ் என்ற துறைமுக ஊரிலேயே எடுத்திருந்தேன். எல்லோரும் மேலே இருக்கிற தலைநகர் அபொல்லோனியாவிலோ அர்தெமோனாஸிலோ தங்கச் சொன்னார்கள், அழகு அங்கேதானாம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காமரெஸில் கப்பலிலிருந்து அறைக்கு ஆறு நிமிட நடை, சமதளம். அறையிலிருந்து மணலுக்கு இரண்டு நிமிடம். இரண்டு மலைகளுக்கு நடுவே மேற்கு பார்த்த வளைகுடா. தண்ணீர் வெகுதூரம் முழங்கால் ஆழம்தான். நாற்காலியைத் தண்ணீருக்குள்ளேயே போட்டு உட்கார்ந்த பாட்டிகளைப் பார்த்து அம்மாவும் இரண்டாம் நாளே அப்படி உட்கார்ந்துவிட்டாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கையில் ஒரு வார இதழோடு.

தங்குமிடத்தில் கொடுக்கும் பணத்தோடு, பருவநிலை மீள்திறன் கட்டணம் என்று இரவுக்கு இவ்வளவு என்று ஒரு வரி தனியாக வாங்குகிறார்கள். சாதாரண அறைகளுக்குக் குறைவு, நட்சத்திரம் கூடக்கூட ஏறும். இன்னொன்று, கழிப்பறையில் காகிதத்தைக் கோப்பைக்குள் போடக்கூடாது, குழாய்கள் குறுகல், பக்கத்தில் கூடை இருக்கும். முதல் நாளே அம்மாவிடம் சொன்னேன். "காகிதம் யாருடி தொடப்போறா, தண்ணிக் குவளை எங்கே?" என்றாள். அதைக் கொண்டுபோக மறந்திருந்தேன். ஒரு மினரல் வாட்டர் பாட்டிலை வெட்டிச் சமாளித்தோம்.

ஊர் சுற்ற பஸ் போதும். காமரெஸ் – அபொல்லோனியா ஐந்து கிலோமீட்டர். அங்கிருந்து மற்ற ஊர்களுக்கு மாறவேண்டும். ஸ்கூட்டர், கார் எடுக்க சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். என்னிடம் இல்லை, அதற்காக வருத்தமும் இல்லை. ஒரு நாள் காஸ்ட்ரோ. வீடுகளின் முதுகுச் சுவர்களே ஊருக்குக் கோட்டைச் சுவராக நிற்கிற பழைய ஊர். கீழே கடலுக்குள் நீண்ட பாறையில் ஏழு தியாகிகள் சிற்றாலயம். அம்மா மேலேயே ஒரு திண்ணையில் உட்கார்ந்து பார்த்தாள், நான் மட்டும் இறங்கி ஏறினேன். இன்னொரு நாள் 1650-இல் கட்டிய கிரிஸோபிகி மடாலயம். கடற்கொள்ளையரிடமிருந்து பெண்களைக் காக்க மாதா பாறையைப் பிளந்தாள் என்று கதை. அந்தப் பிளவின் மேல் சின்னப் பாலம். மற்ற ஐந்து நாளும் எங்கேயும் போகவில்லை. பழங்காலத்தில் இந்தத் தீவில் தங்கமும் வெள்ளியும் எடுத்தார்கள், கிரேக்கர்களின் புனிதத் தலமான டெல்ஃபியில் தங்கள் பெயரில் ஒரு கருவூலமே கட்டினார்கள் என்று நான் படித்துச் சொன்னதை அம்மா கண்ணை மூடியபடி கேட்டாள். தூங்கியிருக்கவும் கூடும். மதியம் மூன்று முதல் ஐந்தரை வரை ஊரே ஓய்ந்துவிடுகிறது.

சைவச் சாப்பாட்டுக்கு இரண்டு சொல் போதும். எண்ணெயில் சமைத்த காய்கறி வகைகளுக்கு லதெரா என்று பெயர். வெண்டைக்காய், பச்சை பீன்ஸ், கத்தரிக்காய் எல்லாம் அதில் வரும். விரத உணவுக்கு நிஸ்டிஸிமோ. இதில் பால், முட்டை, இறைச்சி கிடையாது என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். கணவாயும் ஆக்டோபஸும் அவர்கள் விரதத்தில் சேரும். தக்காளிக்குள் சோறு அடைத்து வருவதிலும் சில இடங்களில் கொத்துக்கறி இருக்கும், கேட்டுத்தான் வாங்கவேண்டும். அப்புறம், கிரேக்கத்தில் "நே" என்றால் ஆமாம். "இதில் மீன் இருக்கா?" என்று கேட்டு, "நே" என்று பதில் வந்ததும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தோம். நல்லவேளை, தட்டு வந்ததும் மூக்கு எச்சரித்துவிட்டது.

இவ்வளவு திட்டம் போட்டும் கொண்டைக்கடலையைத் தவறவிட்டேன். சனிக்கிழமை வந்து இறங்கினோம், ஞாயிறு மதியம் சாவகாசமாக இரண்டரை மணிக்கு உணவகத்துக்குப் போனோம். சட்டி காலி. முதல் நாளே சொல்லிவைக்கவேண்டும், இல்லையென்றால் பன்னிரண்டரைக்கே வரவேண்டும் என்றார்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் மலையில் நிற்கவேண்டும். ஆளுக்கு 30 யூரோ கொடுத்து, நேரம் குறித்த டிக்கெட் வாங்கியாயிற்று. அம்மா எதுவும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கிளம்பவேண்டிய சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் வளைகுடா முழுக்க வெள்ளை நுரை. கைப்பேசியில் செய்தி: வேகக் கப்பல் ரத்து. காற்று பலமானால் முதலில் நிற்பவை இவைதான். பெரிய கப்பல்கள் இன்னும் கொஞ்சம் தாங்கும். அபாய அளவு தாண்டினால் துறைமுக அதிகாரிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். ரத்தானால் முழுப் பணமும் திரும்பும் அல்லது வேறு கப்பலில் இடம் தருவார்கள். ஞாயிறு மாலைப் பெரிய கப்பலில் மாற்றிக்கொண்டேன். விமானம் திங்கட்கிழமைதான் என்பதால் பதற்றம் இல்லை. ஏதென்ஸ் அறை வாடகையில் ஒரு இரவும், அக்ரோபோலிஸ் டிக்கெட் 60 யூரோவும் போனதுதான்.

"மலை ஏறாம தப்பிச்சேன்" என்ற அம்மா, உடனே, "நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே?" என்றாள்.

அறை வீட்டுக்கார அம்மாளிடம் போய், எனக்குத் தெரிந்த அரைகுறைக் கிரேக்கத்தில் ரெவிதாடா என்று மட்டும் சொன்னேன். அவர் யாருக்கோ போன் செய்தார். மறுநாள் பன்னிரண்டு மணிக்கெல்லாம் போய் உட்கார்ந்தோம். பழுப்புச் சட்டி, வெளிப்பக்கம் புகைக்கறை. மூடியைத் தூக்கியதும் வெங்காயமும் பிரிஞ்சியும் கலந்த ஆவி. வெங்காயம் கரைந்து குழம்பே பொன்னிறமாகியிருந்தது. கடலை ஒன்றும் உடையவில்லை. அம்மா ஒரு கடலையை எடுத்து விரலால் நசுக்கினாள், தோல் தனியாக வரவில்லை. எலுமிச்சையைப் பிழிந்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். பாதித் தட்டு வரைக்கும் பேச்சே இல்லை.

"சீரகம்கூட போடலை" என்றாள் பிறகு. "ஊற வெச்சது எத்தனை மணி நேரம்னு கேளு."

கேட்டேன். பரிமாறியவர் வானத்தைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தக் காலத்தில் மழைத்தண்ணீரில்தான் வேகவைப்பார்களாம் என்று பக்கத்து மேசைக்காரர் விளக்கினார். அம்மா தலையாட்டிவிட்டு இன்னொரு துண்டு ரொட்டியைச் சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைத் துடைக்க எடுத்துக்கொண்டாள். வெளியே காற்று குறைந்திருந்தது. கப்பலுக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.