முலையூட்டிகளைத் தடுக்கும் பில்டர்

நம்முடைய விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் 'முலையூட்டிகள்' என்றுதான் இருக்கும். இணையத் தளங்களைச் சொல்லைப் பார்த்துத் தடுக்கும் பில்டரில் அதன் முதல் இரண்டு எழுத்தைப் போட்டுவிட்டால் பசுவும் திமிங்கிலமும் சேர்ந்து அடைபடும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயிலில் ஊரே கூடியிருந்து கேட்கிற மதுரை எரிந்த கதையும் தப்பாது. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பள்ளிக்கூடக் கணினி அறைக்கு பில்டர் போடுகிறவர்கள் சொற்பட்டியலை விட்டுவிட்டு, தளத்தின் பெயரை வைத்துத் தடுப்பதே நல்லது.

அதற்கு பை-ஹோல் என்ற மென்பொருள் போதும். கணினி கேட்கும் தளப் பெயர் தடைப்பட்டியலில் இருந்தால் அது உண்மையான முகவரியைக் கொடுக்காது. 512 எம்பி ரேம் உள்ள பழைய ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியிலேயே ஓடும். ரவுட்டரில், கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி பக்கத்தில், தளப் பெயருக்கு எண் முகவரி சொல்லும் டிஎன்எஸ் ஆக அதன் முகவரியைக் கொடுங்கள். ஐபிவி6 என்ற புதிய வகை முகவரிக்கான டிஎன்எஸ்ஸை மாற்ற மறந்தால் கணினிகள் அந்த வழியால் கேட்டுக்கொண்டு போகும். 'பில்டர் வேலை செய்யுதில்லை' என்ற முறைப்பாடு வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். பை-ஹோலுக்கு மேலே, அதாவது தான் தடுக்காத பெயர்களை அது போய்க் கேட்கும் டிஎன்எஸ் ஆக, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.3 ஐப் போட்டால் ஆபாசத் தளங்கள் தானாக அடைபடும், சுகமான வேலை. ஆனால் அது ஒரு தளத்தைப் பிழையாக அடைத்தால், பை-ஹோலின் அனுமதிப் பட்டியலில் சேர்த்தாலும் திறக்காது. மறுப்பு வருவது மேலிருந்து. 2020 ஏப்ரலில் அந்தச் சேவை தொடங்கிய அன்றே பால்புதுமையினருக்கான (எல்ஜிபிடிகியூ) தளங்கள் சில தவறுதலாக அடைபட்டு, நிறுவனமே ஒப்புக்கொண்டு திருத்தியது. ஆகவே மேலே அதே நிறுவனத்தின், இப்படி வடிகட்டாத 1.1.1.1 ஐ வையுங்கள், தடைப்பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும். பெற்றோர் கேட்டால் திறந்து காட்டலாம்.

'இது தடுக்கப்பட்டது' என்று திரையில் காட்டுவது எச்டிடிபிஎஸ் (மறையாக்கப்பட்ட) தளங்களில் சரிவராது. தளத்தின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழில் பிழை என்றுதான் வரும். பை-ஹோல் வழக்கமாக 0.0.0.0 என்று, எங்கும் போகாத முகவரியைப் பதிலாகச் சொல்லும். பிள்ளை லைன் இல்லை என்று நினைத்து எழும்பிப் போய்விடும். எல்லாக் கணினியிலும் சொந்தச் சான்றிதழைப் பதித்தால் செய்தி காட்டலாம்தான். ஆனால் பிள்ளையின் கடவுச்சொல்லும் உங்கள் பெட்டிக்குள்ளால் போகும். அதைவிட ஒவ்வொரு திரைக்குப் பக்கத்திலும் ஒரு கடதாசி ஒட்டுங்கள்: "ஆபாசம், சூது, வைரஸ் தளங்கள் அடைக்கப்பட்டுள்ளன. பிழையாக அடைபட்டிருந்தால் தளத்தின் பெயரைக் கொப்பியில் எழுதுங்கள். உங்கள் பெயர் வேண்டாம்." கொப்பியை மேசையில் நூல் கட்டிய பேனையோடு வையுங்கள், கிழமைக்கு ஒருக்கா பாருங்கள், முடிவையும் அதே வரிக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

எந்தக் கணினி எந்தத் தளத்தைக் கேட்டது என்று பை-ஹோல் வைக்கும் பதிவு, மாற்றாமல் விட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். 7 நாளாகக் குறையுங்கள். இதையே நூலகத்தில் போடுவதென்றால், பெரியவர்களின் கணினிகளுக்கு மாறாத ஐபி முகவரி கொடுத்து, பை-ஹோலில் தனிக் குழுவில் போட்டு, வைரஸ் தளங்களின் பட்டியலை மட்டும் பொருத்துங்கள்.