சராசரியில் தெரியாத முறிவு

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் பல் அடைக்கும் பிசின்களைச் சோதிக்கும் பணியில் சேர்ந்த புதிதில், சராசரி வலிமை என்ற ஒற்றை எண்ணே அறிக்கையின் உயிர்நாடி என்று நம்பியிருந்தேன். பல் அடைக்கும் பிசின்களுக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 4049 கேட்கிறபடி, 25 மில்லிமீற்றர் நீளமும் 2 மில்லிமீற்றர் அகலமும் அதே தடிப்பும் கொண்ட சட்டங்களை வார்த்து, நீல ஒளியில் இறுகச்செய்து, 37 பாகை நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, இரு தாங்கிகளில் கிடத்தி நடுவில் அழுத்தி முறிப்போம். கடிபரப்பில் அடைக்கும் பிசின் 80 மெகாபஸ்கால் (அழுத்தத்தின் அலகு) ஆவது தாங்கவேண்டும்.

வெள்ளவத்தைப் பல் வைத்தியர் ஒருவர் ஒருநாள் சிறு பையில் உடைந்த அடைப்புத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். வெற்றிலை போடும் மூதாட்டியின் கடைவாய்ப் பல்லில் வைத்தது, ஒரு வருடம்கூட நிற்கவில்லை. “உங்கள் அறிக்கையில் இது நன்றாகத்தானே தேறியிருக்கிறது, தம்பி?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்று மாலை அதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். முறிந்த முகத்தில் மெல்லிய கோடுகள் விசிறிபோல விரிந்திருந்தன. அவற்றைப் பின்னோக்கித் தொடர்ந்தால், எல்லாம் ஓரத்திலிருந்த ஒரு காற்றுக்குமிழியில் வந்து கூடின. அடுக்கடுக்காக அடைத்தபோது இடையில் சிக்கிய குமிழி அது. அதன் உட்சுவர் மட்டும் பளபளவென்று வழுவழுப்பாக இருந்தது.

நொறுங்கும் பொருள் தன் மிகப்பெரிய குறையிலிருந்தே முறிகிறது. அந்தக் குறை சட்டத்துக்குச் சட்டம் வேறுபடுவதால், முறியும் அழுத்தமும் சிதறிக் கிடக்கும். சுவீடன் பொறியியலாளர் வலோடி வைபுல் 1951இல் விளக்கிய பரம்பல், அந்தச் சிதறலையே ஓர் எண்ணாக்குகிறது; இந்த வைபுல் எண் கூடினால் சிதறல் குறைவு. நூற்றுக்கு ஏறத்தாழ 63 சட்டங்கள் முறியும் அழுத்தம், வைபுல் எண் மட்டும் வேறுபடும் இரு பிசின்களுக்கு ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி அழுத்தத்திலேயே, வைபுல் எண் 5 உடைய பிசினில் நூற்றுக்கு 3 சட்டங்கள் முறிந்துவிடும். 15 உடையதில் இலட்சத்துக்கு 3 தான். சராசரியில் இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது.

ஒரு நாள் நீரில் ஊறிய சட்டம் வாயின் முழுக்கதையையும் சொல்லிவிடாது என்பதும் உண்மையே. பிசினையும் கண்ணாடித் துகளையும் பிணைக்கும் சிலேன் படலத்தை ஈரம் மெல்ல அரிக்கிறது. பாக்கைக் கடிக்கும் ஒவ்வொரு கடியும் விரிசலைச் சிறிது முன்தள்ளுகிறது.

இப்போது நான் ஒவ்வொரு தொகுதிக்கும் 30 சட்டங்கள் வார்க்கிறேன். அவற்றுள் மிகக் குறைந்த சுமையில் முறிந்ததையே முதலில் நுணுக்குக்காட்டியில் வைத்து, அதன் படத்தை அறிக்கையின் முதற்பக்கத்தில் சேர்க்கிறேன். மூதாட்டியின் பல்லை மறுபடி அடைக்குமுன் வைத்தியர் அந்தப் படத்தைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார்.