நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும்

ஒவ்வொரு தேர்தல் முடிவு வரும்போதும் எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் விடிந்துவிட்டது என்கிறார்கள், மீதிப் பேர் எல்லாம் நாசமாகப் போகிறது என்கிறார்கள். அடுத்த தேர்தலில் ஆட்சி மாறினால் இரண்டு கூட்டமும் வசனத்தை மாற்றிக்கொள்கின்றன. இருபது வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். நம்ம ஆள் ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனதார நம்பினேன், அதற்காக வீட்டில் சண்டை போட்டேன், ஒரு நல்ல நண்பனோடு மூன்று வருஷம் பேசாமல் இருந்தேன். அந்த மூன்று வருஷத்தை நினைத்தால் இன்றும் வலிக்கிறது, ஏனென்றால் நாங்கள் யார் யாருக்காக முறைத்துக்கொண்டோமோ அவர்கள் இருவருமே பதவிக்கு வந்த பிறகு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்தார்கள்.

இப்போது என் கவலை வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. வரப்போகிறவர் நல்லவரா கெட்டவரா என்பதற்கு முன்னால், அந்த நாற்காலிக்கு எவ்வளவு அதிகாரம் கொடுத்து வைத்திருக்கிறோம் என்று பார்க்கிறேன். உங்களுக்குப் பிடித்த தலைவர் கையில் ஒரு அதிகாரத்தைக் கொடுக்கும்போது, உங்களுக்குத் துளியும் பிடிக்காத ஒருவர் அடுத்த தேர்தலில் ஜெயித்து அதே அதிகாரத்தை எடுத்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டு கொடுங்கள். அப்படி நினைத்துப் பார்த்தும் சம்மதம் என்றால் சரி. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதற்கான காரணங்கள்.

எனக்குள் ஆழமாக இறங்கிய உதாரணம் ஜெர்மனி. முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் அங்கே ஒரு குடியரசு அரசியலமைப்பு எழுதினார்கள், எழுதியவர்கள் ஜனநாயகத்தை நேசித்தவர்கள். அதில் 48வது பிரிவு என்று ஒன்று. பொது அமைதிக்கு ஆபத்து வந்தால் குடியரசுத் தலைவர் அவசர ஆணை போடலாம், பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, கடிதங்களை யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்ற உரிமை, இதையெல்லாம் நிறுத்திவைக்கலாம். முதல் குடியரசுத் தலைவர் ஃபிரீட்ரிக் எபர்ட், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். அவர் காலத்தில் கலவரங்களும் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிகளும் பணவீக்கமும் இருந்தன, அதனால் நூறு தடவைக்கு மேல் அந்தப் பிரிவைப் பயன்படுத்தினார். குடியரசைக் காப்பாற்றத்தான் பயன்படுத்தினார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவசர ஆணையில் ஆட்சி நடத்துவது அந்த நாட்டுக்குப் பழகிப்போனது. 1933 பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. மறுநாளே அதே 48வது பிரிவின் கீழ், ஹிட்லரின் அமைச்சரவை கேட்டபடி ஆணை பிறந்தது, ஜெர்மானியர்களின் அடிப்படை உரிமைகள் ஒரே தாளில் போயின. அடுத்த மாதம் 23-ஆம் தேதி, நாடாளுமன்றத்தைக் கேட்காமலே சட்டம் போடலாம் என்ற அதிகாரத்தை அமைச்சரவைக்குக் கொடுக்கும் மசோதா வந்தபோது எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் 94 பேர். அத்தனை பேரும் எபர்ட்டின் கட்சிக்காரர்கள். சில மாதங்களில் அந்தக் கட்சியே தடை செய்யப்பட்டது, பலர் சிறைக்கும் முகாமுக்கும் போனார்கள். தங்கள் தலைவர் அத்தனை தடவை நல்ல நோக்கத்தோடு கையில் எடுத்த ஆயுதம் கடைசியில் தங்கள் கழுத்துக்கே வந்ததை அவர்கள் பார்த்தார்கள்.

அந்த மசோதாவில் இன்னொரு விஷயம், அதன் காலம் நான்கு வருஷம்தான் என்று எழுதியிருந்தது. தற்காலிகம். பிறகு மூன்று தடவை நீட்டித்தார்கள், ஆட்சியே அழிந்த பிறகுதான் அது முடிந்தது.

"தற்காலிகம்" என்ற வார்த்தையைப் பார்த்தாலே நான் நிமிர்ந்து உட்காருவது இதனால்தான். எல்லா இடத்திலும் அது சர்வாதிகாரமாக முடிகிறது என்று சொல்லவில்லை, பெரும்பாலும் சத்தமில்லாமல் பழக்கமாகிவிடுகிறது. பிரிட்டனில் வருமான வரி 1799-இல் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போருக்காக வந்தது. போர் ஓய்ந்து 1816-இல் அதை ஒழித்தபோது வரிக் கணக்குப் பதிவுகளையே அழிக்கும்படி நாடாளுமன்றம் சொன்னது, மக்களுக்கு அவ்வளவு வெறுப்பு. 1842-இல் பிரதமர் ராபர்ட் பீல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார், மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று சொல்லி. இன்றுவரை போகவில்லை. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த அதே வாரத்தில், ராணுவத்தைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு அனுமதி தரும் தீர்மானம் நிறைவேறியது. முக்கியமான வாசகம் மொத்தம் 60 வார்த்தைகள். இரண்டு சபையிலும் சேர்த்து எதிர்த்தவர் ஒரே ஒருவர், கீழ்சபை உறுப்பினர் பார்பரா லீ. துரோகி என்று திட்டினார்கள், கொலை மிரட்டல் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு கட்சி ஜனாதிபதிகளும் அந்த 60 வார்த்தைகளைக் காட்டித்தான் பல நாடுகளில் குண்டு போட்டார்கள்.

அப்படியென்றால் தேர்தல் எதற்கு, மக்கள் தண்டிப்பார்களே என்பார்கள். தேர்தலை நான் மதிக்கிறேன், ரத்தம் சிந்தாமல் ஒருவரை இறக்க அதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஆனால் அது சுமக்க முடியாத பாரத்தை அதன் தலையில் ஏற்றுகிறோம். ஒரு செருப்பு வாங்கினால்கூடப் போட்டு நாலடி நடந்து பார்க்கிறோம், கடித்தால் நம் கால்தான். ஓட்டில் அப்படி இல்லை. வரி, போர், பள்ளிக்கூடம், மருத்துவமனை, வட்டி விகிதம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நீட்டுகிறார்கள், இது வேண்டும் அது வேண்டாம் என்று பிரித்தெடுக்க வழியில்லை. நாள் கணக்கில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போய்ப் போட்டாலும் என் ஒரு ஓட்டால் முடிவு மாறும் வாய்ப்பு அநேகமாகப் பூஜ்யம். அதனால் ஜனங்கள் படிப்பதில்லை, அதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன், அவரவர்க்குப் பிழைப்பு இருக்கிறது. படிப்பது யார்? அந்தச் சட்டத்தால் லாபம் அடைகிறவர்கள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பெண், ஆப்பிரிக்காவிலிருந்து அகதியாக வந்தவர், சின்ன வயதிலேயே கற்றுக்கொண்ட முறையில் தலை பின்னிவிட்டுச் சம்பாதித்தார். கத்தரிக்கோல் கிடையாது, ரசாயனம் கிடையாது, விரல்கள் மட்டும்தான். அழகுக்கலை உரிமம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்றார்கள். உரிமத்துக்கு 2000 மணி நேரம் பயிற்சி, அதில் அவர் செய்யும் பின்னலைப் பற்றி ஏறக்குறைய எதுவும் இல்லை. உரிமம் வழங்கும் வாரியத்தைக் கேட்டால் மறுத்துவிட்டார்கள், வாரியத்தில் பெரும்பாலும் ஏற்கெனவே உரிமம் வைத்துக்கொண்டு அதே தொழில் செய்கிறவர்கள். 2012-இல் நீதிமன்றம் அந்த விதி அவருக்குச் செல்லாது என்றது, நல்ல வேளை. ஆனால் ஓட்டுச் சாவடிக்குப் போன எந்த வாக்காளரும் தலை பின்னும் விதியை மனதில் வைத்துப் பொத்தானை அழுத்தியிருக்கப் போவதில்லை. அந்த விதி நினைவில் இருந்தது அதனால் பிழைத்தவர்களுக்கும் அதனால் வயிற்றில் அடிபட்டவருக்கும்தான்.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. சொந்தமாக ஒரு சின்னத் தொழில் தொடங்க ஒரு கையெழுத்துக்காக ஏழு மாதம் அலைந்தேன். லஞ்சம் யாரும் கேட்கவில்லை, கோபமாகப் பேசவும் இல்லை. அந்த அதிகாரி ஒரு நாள் தண்ணீர்கூடக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுப் பின்னால் ஏதாவது ஆனால் அவர் பதில் சொல்ல வேண்டும், போடாமல் கோப்பை மேசையிலேயே வைத்திருந்தால் அவரை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்த ஏழு மாத வாடகை என் பையிலிருந்துதான் போனது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கோப்பு அங்கேயேதான் கிடந்திருக்கும் என்று நினைக்கிறேன், அதனால்தான் ஆளை மாற்றினால் போதும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அப்ப அரசே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். திருடனைப் பிடிக்க, ஒப்பந்தத்தை மீறினால் வழக்குப் போட, பக்கத்து ஆலை என் கிணற்றில் விஷம் கலந்தால் தடுக்க ஒரு பொது அதிகாரம் வேண்டும். பெரிய நிறுவனங்களும் அட்டகாசம் செய்யவில்லையா என்றால், செய்கின்றன, அரசிடமிருந்து மானியமும் வெளிநாட்டுப் போட்டியைத் தடுக்கும் இறக்குமதி வரியும் வாங்கிக்கொண்டு செய்வதுதான் ரொம்ப மோசம். ஆனாலும் எந்த நிறுவனமும் தன் பொருளை வாங்கவில்லை என்பதற்காக என்னைச் சிறையில் போட முடியாது.

நடக்காத ஊருக்கு வழி சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம், ஓரளவு நடக்கிற இடம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் மத்திய அரசை ஏழு பேர் சேர்ந்து நடத்துகிறார்கள், அதிபர் பதவி ஒரு வருஷம்தான், அவர்களுக்குள்ளேயே சுற்றி வரும். நாடாளுமன்றம் போட்ட சட்டம் பிடிக்கவில்லையா, 100 நாளில் 50,000 கையெழுத்து சேர்த்தால் அந்த ஒரு சட்டத்தை மட்டும் தனியாக மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம், மூட்டையைப் பிரிக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது, மத்திய அரசு வருமான வரியும் மதிப்புக் கூட்டு வரியும் வசூலிக்கும் அதிகாரத்துக்கே அவர்களின் அரசியலமைப்பில் முடிவுத் தேதி போட்டிருக்கிறார்கள். தேதி நெருங்கும்போது அரசு மக்களிடம் வந்து கேட்டாக வேண்டும். 2018 மார்ச் 4 அன்று கேட்டார்கள், பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள், 2035 வரை அனுமதி கிடைத்தது. அதற்கப்புறம் திரும்பவும் வந்து கேட்க வேண்டும்.