அத்தையோடு ஒரு பான் ஏஷியன் விருந்து

நவம்பர் 6, 2025, வியாழன்

அக்கா மகளுக்கு முதல் சம்பளம் வந்துவிட்டது. சனிக்கிழமை இரவு மும்பை லோயர் பரேலில் ஒரு பான் ஏஷியன் உணவகத்தில் விருந்தாம். எட்டு மணிக்கு மேசை, பத்துக்குள் எழுந்துவிட வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிட்டார்கள். கல்யாணப் பந்தியில்கூட முதுகுக்குப் பின்னால் ஆள் வந்து நின்ற பிறகுதான் இந்த அவசரம் வரும்.

மெனுவை இணையத்தில் பார்த்தேன். ஜப்பான், தாய்லாந்து, கொரியா, வியட்நாம், சீனா எல்லாம் ஒரே அடுப்படியில். ஒரு சமையலறைக்கு இத்தனை கைப்பக்குவம் வாய்க்குமா? மும்பைக்காரர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. 1973-இல் தாஜ் ஹோட்டலில் கோல்டன் டிராகன் என்ற உணவகம் சீனாவின் சிச்சுவான் மாகாணச் சமையலோடு திறந்தது; இன்று அந்தப் பெயரே திரிந்து தெருமுனை வண்டியில் ஷெஸ்வான் தோசை.

நவம்பர் 8, சனி, நள்ளிரவு

பழைய பஞ்சாலை வளாகம். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிப்போய், அந்த நிலங்களில் இப்போது மால்களும் மதுக்கூடங்களும். உள்ளே அவ்வளவு நாகரிகமான இருட்டு. மெனு அட்டையைப் படிக்க அத்தை கைபேசி விளக்கைப் போட்டார்.

அத்தை சுத்த சைவம். எதில் மீன் இருக்கிறது என்று பரிமாற வந்த மணிப்பூர்ப் பையனை இந்தியில் குடைந்தெடுத்தார். அவன் சலிக்காமல் உள்ளே போய்க் கேட்டு வந்தான். தாய் கிரீன் கறி விழுதில் வழக்கமாக இறால் சேருமாம், சைவத்துக்குத் தனியாக அரைக்கிறார்களாம். “மிசோ சூப் மட்டும் வேண்டாம் அம்மா, காய்ந்த மீன் சீவலைப் போட்டு இறக்கிய நீர் அது” என்றான். மும்பை அல்லவா, வெங்காயம் பூண்டு இல்லாத ஜைன டிம் சம்மும் (ஆவியில் வெந்த சீனக் கொழுக்கட்டை) இருந்தது.

அந்த டிம் சம்தான் விருந்து. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் அகலக் கத்தியின் பக்கவாட்டில் எண்ணெய் தடவி, மாவு உருண்டையை ஒரே அழுத்து அழுத்திச் சுழற்றினார். தாள் போல வட்டம் விழுந்தது. கோதுமை ஸ்டார்ச்சையும் மரவள்ளி மாவையும் கொதிநீரில் பிசைவதால், வெந்ததும் தோல் கண்ணாடியாகிவிடுகிறது. என் ஹார் காவில், அதாவது இறால் டிம் சம்மில், இறாலின் இளஞ்சிவப்பு வெளியே தெரிந்தது. அத்தையுடையதில் வாட்டர் செஸ்நட் என்ற நீர்க்கிழங்கு நறுக்நறுக்கென்று கடிபட்டது.

ஜப்பானியரின் சோற்றுப் பண்டமான சுஷியைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. சோறு குளிர்ப்பெட்டியிலிருந்து வந்தது போல விறைத்திருந்தது. அதோடு வந்த காரப் பச்சை விழுதான வாசாபியோ, பல இடங்களில் வருவதுபோல, ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேரும் கடுகும் பச்சைச் சாயமும்தான். நூடுல்ஸ் சூப்பான ராமென் பரவாயில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் பில்லைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு. பத்து சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இலேயே சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. மேலாளரிடம் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்துவிட்டார். அந்தப் பணத்தை மணிப்பூர்ப் பையன் கையிலேயே கொடுத்தேன். அக்கா மகளுக்கு மானம் போய்விட்டதாம். சுஷி பிரமாதம் என்று வேறு சாதிக்கிறாள்.

அத்தை ஊருக்குப் போவதற்குள் ஒரு வாரநாள் மதியம் கூட்டமில்லாத நேரத்தில் போய், அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு எதிரே உட்கார்ந்து டிம் சம் மட்டும் சாப்பிடுவதாக இருவரும் பேசி வைத்திருக்கிறோம். அக்கா மகளிடம் இன்னும் சொல்லவில்லை.