எழுத்தைப் படித்தல்: பெருந்துறை நாட்குறிப்பு

ஜூலை 14, 2024

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையை இன்று முதல் வாக்கியம் வாக்கியமாக நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். 1934ஆம் ஆண்டு ‘மணிக்கொடி’ இதழில் வெளிவந்த கதை, பெருந்துறையில் பேருந்து ஏறினால் ஈரோடு போய்ச் சேர்வதற்குள் படித்து முடித்துவிடலாம். எழுத ஆசைப்படுபவர்களிடம் நிறையப் படியுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படிப் படிப்பது என்று சொல்பவர்கள் குறைவு. ஒரு சிறிய கதையை எடுத்துக்கொண்டு, அது எந்த இடத்தில் எதைச் செய்கிறது என்று தெரியும்வரை விடாமல் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூலை 17

எழுதி முடித்ததும் தெரிந்தது அந்தக் கதையின் அளவுக் கணக்கு. தெருவையும் அதில் வாழ்கிறவர்களையும் காட்டுவதிலேயே பெரும்பகுதி கழிகிறது. அம்மாளு என்ற மில் கூலிப் பெண், அடிபட்டுக் கிடக்கும் ஜட்கா வண்டிக்காரப் புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்கக் காசில்லாமல், ஒருவனோடு இருளில் மறைகிறாள். அப்போது அவள் மனத்தில் ஓடியது என்ன, திரும்பும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் எழுதப்படவில்லை. முக்கால் ரூபாய் சம்பாதித்துவிட்டாள் என்ற தகவல் மட்டும் வருகிறது. அந்த ஒரு தொகை அத்தனை கனமாக விழுவதற்குக் காரணம், அவள் வேறு எங்கும் போக வழியில்லை என்பதை முன்னால் வந்த தெரு ஏற்கெனவே சொல்லி முடித்திருப்பதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பொன்னகரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா என்று முதல் வரியிலேயே நம்மை அழைக்கிறார். கற்பு கற்பு என்று கதைக்கிறீர்களே என்று கடைசியில் அதே நம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். முதலில் வெறும் அழைப்பாக இருந்த ‘நீங்கள்’ முடிவுக்குத் தேவையான ஆயத்தம் என்பது, முடிவு தெரிந்த பிறகு தொடக்கத்துக்குத் திரும்பியபோதுதான் எனக்கு விளங்கியது.

ஜூலை 21

பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்த ஐயாவிடம் நோட்டைக் காட்டினேன். பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, “ஒருக்காப் படிக்கறப்ப கதை நம்மள இழுத்துட்டுப் போயிரும் அம்மணி. மறுக்காப் படிக்கறப்பத்தான் ஆளை எந்த எடத்துல கொண்டாந்து உடறாருன்னு பாக்க முடியும்” என்றார். பிறகு நன்னூலின் முன்னுரையான பாயிரத்தை எடுத்துக் கொடுத்தார்.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள சீனாபுரத்தைச் சேர்ந்தவர் என்று எங்கள் பகுதியில் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். ஆனால் பள்ளியில் அதை எழுத்துக்கும் சொல்லுக்குமான இலக்கணமாக மட்டுமே படித்தோம். பாயிரத்தில் மாணவன் பாடம் கேட்கும் முறையைப் பற்றி வரும் இடத்தில், இருமுறை கேட்பவன் நூலில் பெரிதும் பிழைபட மாட்டான் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியில் ‘முக்காற் கேட்பின் முறையறிந் துரைக்கும்’ என்கிறார். மூன்றாம் முறையில் கிடைப்பது முறை, அதாவது எதற்குப் பின் எது வைக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவு. பொருளை அறிந்த பிறகும் ஒருவன் ஏன் திரும்பக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடையை நான் படித்ததில்லை.

ஜூலை 28

அடுத்தவர் எழுத்தை இப்படி ஊன்றிப் படித்தால் அவருடைய நடை நமக்கு ஒட்டிக்கொள்ளாதா என்று தோழி கேட்டாள். கொஞ்ச காலம் ஒட்டத்தான் செய்யும், அதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது என் எண்ணம். முன்னோர் சொன்ன பொருளை மட்டுமல்ல, அவர்கள் சொல்லையும் பொன்னே போல் போற்றுவோம் என்கிறது நன்னூல். அதே நூல், வழிநூல் என்பது முன்னோர் நூலின் முடிவோடு ஒத்தும் ‘பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி’யும் அமையும் என்கிறது. பின்னால் வருகிறவனுக்கு வேண்டிய மாறுபாட்டுக்கு இலக்கணத்திலேயே இடம் விட்டிருக்கிறார்கள். முன்னோர் செய்ததை நுணுக்கமாக அறியாதவனுக்குத் தன் மாறுபாடு எதுவென்றே தெரியாது.

ஆகஸ்ட் 10

ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ வாங்கினேன். 1942இல் வெளிவந்த இந்த நாவலில், கணவனை இழந்த நாகம்மாள் நிலத்தில் தனக்குரிய பங்கைக் கேட்கிறாள். அந்தக் கேள்வி கொழுந்தன் சின்னப்பனின் கொலையில் போய் முடிகிறது. கதை சொல்பவரின் நடை பொதுத்தமிழ், பாத்திரங்களின் பேச்சு கொங்குத் தமிழ். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் எப்படிப் போய் வருகிறார் என்பதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊர்ப் பேச்சை எழுதுகிறோம் என்று ஒவ்வொரு சொல்லையும் வளைத்து எழுதுகிறவர்கள் உண்டு; வாசிப்பவருக்கு அது சலிப்பையே தரும்.

நாகம்மாளை அவர் எங்கும் கண்டிக்கவில்லை, அவளுக்காக வாதாடவும் இல்லை. புதுமைப்பித்தன் கடைசியில் நேரே நம்மிடம் திரும்பிப் பேசுகிறார். இவரோ தீர்ப்பை நம்மிடமே விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது, ஆசிரியர் எங்கே நிற்கிறார் என்பதும் அளவைப் போலவே எழுத்தாளர் எடுக்க வேண்டிய ஒரு முடிவு என்பது எனக்கு உறுதியானது. சண்முகசுந்தரம் வங்க நாவல்கள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர், ‘பதேர் பாஞ்சாலி’ உட்பட. அடுத்தவர் எழுத்தை ஒரு வாக்கியத்தையும் தாண்டிப் போக முடியாமல் படிக்கும் வேலை மொழிபெயர்ப்பைப் போல வேறில்லை.

ஆகஸ்ட் 25

ஒரே கிணற்றில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் அண்ணன் தம்பி இருவரைப் பற்றிய என் கதையை இன்று மீண்டும் எடுத்தேன். ஒரு நூலில் இருக்கக் கூடாதவை என்று நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘மற்றொன்று விரித்தல்’, அதாவது சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது, என்பதை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். மஞ்சள் வேக வைப்பதைப் பற்றிய ஒரு பக்கத்தை எடுத்துவிட்டேன். நல்ல பக்கம்தான், வேறொரு கதைக்கு உரியது. சண்டை நடக்கும் இரவை நான்கு வரியாகச் சுருக்கி, அதற்கு முன்னால் வரும் வறண்ட மாதங்களை நீட்டியிருக்கிறேன். யார் பக்கம் நியாயம் என்று சொல்லும் பத்தி இனி இருக்காது. அண்ணன் மனைவியின் பேச்சு இன்னும் அமையவில்லை. அதற்காகப் பெருமாள்முருகனின் ‘நிழல்முற்றம்’ நாவலை அடுத்து எடுக்கிறேன்; அதில் யார் பேசுகிறார்கள் என்று பெயர் சொல்லாமலே எந்தெந்த இடங்களில் ஆளை அடையாளம் காண முடிகிறது என்பதைக் குறித்துக்கொண்டு வர வேண்டும்.