பிப்ரவரி வியாபாரம்

கனடாவின் ரெஜைனா நகரில் மைனஸ் முப்பது குளிர். ஆனால் எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் மட்டும் சூடு. கனடியக் கால்பந்தில் (பந்தைக் கையில் பிடித்து வீசியும் ஓடியும் ஆடும் ஆட்டம்) ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் சந்தைக்கு வரும் மாதம் இது. ஆட்டத்துக்குத் தர்பூசணிக் கூட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகும் எங்கள் ஊர் அணியான ரஃப்ரைடர்ஸின் ரசிகர்கள் எல்லாரும் இப்போது கணக்குப்பிள்ளைகள்.

மொத்தமே ஒன்பது அணிகள். 2024இல் ஓர் அணி வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளம் 55 லட்சம் டாலர் சொச்சம். மீறினால் அபராதம். அதில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் ஒரு நல்ல குவார்ட்டர்பேக்குக்கே ஐந்து, ஆறு லட்சம் போய்விடும். மீதியில்தான் நாற்பது பேருக்கு மேல் சாப்பிட வேண்டும்.

பக்கத்து மேசைக்காரர் பேப்பர் நாப்கினில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். "பந்து பிடிக்கிற ரிசீவர் எதுக்கு? கனடாக்காரன் ஒருத்தனை முன்வரிசை லைனில் நிறுத்து" என்றார். பேச்சில் நியாயம் உண்டு. களத்தில் இறக்க இத்தனை கனடியர் கட்டாயம் என்று விதி இருப்பதால், எதிராளிகளை முட்டித் தடுக்கும், உள்ளூரில் பிறந்த தடித்த லைன்மேனுக்குத் தனி மவுசு. (பெரும்பாலும் பந்தையே தொடாத ஆள்!)

நானும் ஏதோ சொல்லப்போனேன். "நீ கிரிக்கெட் ஏலம்னு நினைச்சியா?" என்று வாயை அடைத்துவிட்டார். சரி, நாளைக்கு நானும் ஒரு நாப்கினோடு போகிறேன்.