நடந்தால் நினைவாற்றல் கூடுமா?

நாற்பது நிமிடம் நடந்தால் மூளை வளரும் என்று காலை நடைக்குச் செல்வோரின் வாட்ஸ்அப் குழுக்களில் வலம்வரும் செய்திக்குப் பின்னால், 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. கிர்க் எரிக்சனும் ஆர்தர் கிராமரும் அவர்களுடைய குழுவினரும் 55 முதல் 80 வயது வரையிலான 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை வாரம் மூன்று நாள் நடக்கவும், மறுபாதியினரை உடலை நீட்டி வளைக்கும் எளிய பயிற்சிகளைச் செய்யவும் வைத்தனர். ஓராண்டு கழிந்தபோது, புதிய நினைவுகள் உருவாக உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதி நடந்தவர்களுக்கு ஏறத்தாழ 2% பெருத்திருந்தது. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 1.4% சுருங்கியிருந்தது.

இவ்வளவுதான் பகிரப்படுகிறது. அதே கட்டுரையில், நினைவுச் சோதனையில் இரு குழுவினருமே முன்னேறினார்கள் என்றும், நடந்தவர்கள் தனித்து முந்திவிடவில்லை என்றும் சொல்லப்பட்டிருப்பதை யாரும் பகிர்வதில்லை. நடந்தவர்களுக்குள், அப்பகுதி அதிகம் பெருத்தவர்களின் நினைவு மேலும் கூடியிருந்தது என்பது உண்மையே. ஆனாலும் மூளையின் அளவு கூடுவதும் நினைவு கூடுவதும் ஒன்றல்ல.

இரத்தக் குழாய்களின் பக்கம் வந்தால் தரை சற்று உறுதியாக இருக்கிறது. உடல் எடையில் சுமார் 2% மட்டுமே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. எதையும் பெரிதாகச் சேமித்து வைக்க அதனால் இயலாது என்பதால், நொடிக்கு நொடி வந்துசேரும் இரத்தத்தையே நம்பியிருக்கிறது. கடைசி மைல் மிகவும் குறுகலானது: தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலவும் இரத்தச் சிவப்பணுவைவிடவும் ஒடுங்கியவை, ஆகவே அணுக்கள் உடலை வளைத்து ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து செல்கின்றன. வேகமாக நடக்கையில் இரத்த ஓட்டம் கூடி, குழாயின் உட்சுவரை உரசிச் செல்கிறது. அந்த உரசலை உணர்ந்த உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க, குழாய் தளர்ந்து விரிகிறது. பயிற்சி பழக்கமாகும்போது பெருங்குழாய்களின் விறைப்பும் இரத்த அழுத்தமும் ஓரளவு குறைவதால், ஒவ்வொரு இதயத் துடிப்பின் அடியும் மூளையின் மெல்லிய குழாய்களை முன்போல் முரட்டுத்தனமாகத் தாக்குவதில்லை. உழைக்கும் தசையிலிருந்து வரும் லாக்டேட் என்ற வேதிப்பொருள், எலிகளின் மூளையில் புதிய தந்துகிகள் முளைக்கத் தூண்டுகிறது என்பதையும் 2017-இல் நார்வே ஆய்வாளர்கள் காட்டினர். எலிகளில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிச் சொல்வதில் எனக்கு எப்போதும் தயக்கம் உண்டு.

மனிதரிடம் அளந்து பார்த்தது கனடாவின் கால்கரி பல்கலைக்கழகம். உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 206 முதியவர்கள் ஆறு மாதம் பயிற்சி செய்தபின், மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் சராசரியாக 2.8% கூடியிருந்தது என்றும், திட்டமிட்டுச் செயல்படும் திறனும் சொல்வளமும் மேம்பட்டிருந்தன என்றும் 2020-இல் அறிவித்தனர். பயிற்சி செய்யாத ஒப்பீட்டுக் குழு இல்லாதது அதன் குறை. அத்தகைய குழுவை வைத்து, 65 முதல் 84 வயது வரையிலான 585 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட பெரிய அமெரிக்க ஆய்வில், பயிற்சியால் நினைவாற்றல் கூடியதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே மறதிநோய் வந்துவிட்ட 494 பேரிடம் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு (2018) இன்னும் கறாரானது: உடல் வலு கூடியது, அறிவாற்றலின் சரிவு நிற்கவில்லை.

ஆகவே, நடையை நினைவாற்றலுக்கான மருந்தாகப் பார்க்காமல், இரத்தக் குழாய்களுக்கான பராமரிப்பாகவே நான் பார்க்கிறேன். 9,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற இன்னோர் அமெரிக்க ஆய்வில், மேல் இரத்த அழுத்தத்தை மருந்துகளால் 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம், 140-ஐ இலக்காகக் கொண்டவர்களைவிட லேசான அறிதிறன் குறைபாடு 19% குறைவாக ஏற்பட்டது. எனவே அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு நடையை மட்டும் நம்புவது பெரிய தவறு.

நடப்பவர்களும் வேகத்தைக் கவனிக்க வேண்டும். எரிக்சனின் ஆய்வில் 10 நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டி, ஏழாவது வாரத்தில் 40 நிமிடத்தை எட்டினார்கள். இதயத் துடிப்பைக் கணக்கிட்டு வேகத்தையும் படிப்படியாக உயர்த்தினார்கள். பூங்காவில் அரசியல் பேசிக்கொண்டு ஆற அமர நடக்கும் நம் நடையில் இந்த இரண்டாவது பகுதிதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.